வென்ற அணியும் கலைந்துபோகும் லீக்

பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஸ்பீட்வேயின் இரண்டாம் பிரிவு லீக்கில் 2018 பருவம் முடிந்தபோது, வொர்க்கிங்டன் காமெட்ஸ் அணியிடம் மூன்று கோப்பைகள் இருந்தன: லீக் பட்டம், நாக்அவுட் கோப்பை, சாம்பியன்ஷிப் ஷீல்டு. வொர்க்கிங்டன் இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் கம்ப்ரியா பகுதியில் இருக்கும் சிறு ஊர். ஒருகாலத்தில் நிலக்கரியையும் எஃகையும் நம்பி வாழ்ந்தது. அங்கே 1970-இல் ஸ்பீட்வே தொடங்கியது. இடையில் பல ஆண்டுகள் அணியே இல்லாமல் போய், 1999-இல் மீண்டும் வந்தது. ஆனால் லீக் பட்டம் மட்டும் 2018 வரை வாய்க்கவில்லை. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் லேக்சைட் ஹாமர்ஸை வீழ்த்தி அதையும் வென்றார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் புதிய பருவம் தொடங்கியபோது அணிகளின் பட்டியலில் வொர்க்கிங்டன் பெயர் இல்லை. இறுதியில் தோற்ற லேக்சைடின் பெயரும் இல்லை.

முதல் இடமும் இரண்டாம் இடமும் பெற்ற அணிகள் ஒரே குளிர்காலத்தில் காணாமல் போவது கால்பந்திலோ கிரிக்கெட்டிலோ நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இந்த லீக்கில் அது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பந்தயம், புள்ளிக் கணக்கு, அணி அமைக்கும் விதி, காலடியில் இருக்கும் நிலம் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பந்தயம். முட்டை வடிவத் தடத்தில் நான்கு ரைடர்கள் இடஞ்சுழியாக நான்கு சுற்று ஓட்டுவார்கள். அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். இந்த ஒரு ஓட்டத்துக்கு ‘ஹீட்’ என்று பெயர். தடத்தில் தார் கிடையாது. ஷேல் எனப்படும் நொறுங்கிய கல்மண்ணைப் பரப்பியிருப்பார்கள். வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால். கியர் ஒன்றுதான். பிரேக் கிடையாது.

பிரேக் இல்லை என்றதும் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். உண்மையில் அது பாதுகாப்புக்கானது. கைப்பிடிகள் உரசும் நெருக்கத்தில் நான்கு வண்டிகள் வளைவுக்குள் நுழையும்போது முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால், பின்னால் வருகிறவர் அவர் மேலேயே ஏறிவிடுவார். எல்லோருக்கும் இருப்பது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ‘திராட்டில்’ ஒன்றுதான் என்றால், அடுத்தவர் என்ன செய்வார் என்பதை ஓரளவு கணிக்கலாம். வளைவு வந்ததும் ரைடர் வண்டியை உள்பக்கம் சாய்த்து, பின்சக்கரத்தை வெளிப்பக்கமாகச் சறுக்கவிடுகிறார். முன்சக்கரம் வளைவுக்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். இடது பூட்ஸில் மாட்டிய இரும்புத் தகடு மண்ணை உரசிக்கொண்டே வரும். பின்சக்கரம் வாரியிறைக்கும் ஷேல் பின்னால் வருகிறவரின் முகத்தில் அடிக்கும். அதனால்தான் முதல் வளைவை முதலில் தொடுவது இத்தனை முக்கியம். பாதிப் பந்தயம் அங்கேயே தீர்மானமாகிவிடும். மீதிப் பாதிதான் கண்கொள்ளாக் காட்சி: முந்திப் போனவரைத் துரத்தும் ரைடர், வெளிவிளிம்பில் ஷேல் தடிமனாகக் குவிந்த இடத்தைத் தேடிப் போய், அங்கே கிடைக்கும் பிடிப்பால் வேகம் கூட்டி முந்துவார்.

தொடக்கக் கோட்டில் கட்டியிருக்கும் டேப்புகள் சட்டென மேலே எழுந்ததும் பந்தயம் தொடங்கும். பொறுமை இழந்து டேப்பை அறுத்தவர் அந்த ஹீட்டிலிருந்து விலக்கப்படுவார், அல்லது 15 மீட்டர் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

தனித்தனிப் பந்தயங்களாகத் தெரிந்தாலும் லீக்கில் இது அணி விளையாட்டு. ஓர் அணிக்கு ஏழு பேர். ஒரு போட்டிக்கு 15 ஹீட். ஒவ்வொரு ஹீட்டிலும் அணிக்கு இருவர்: சொந்த ஊர்க்காரர்கள் சிவப்பும் நீலமுமான தலைக்கவச உறையோடும், விருந்தாளிகள் வெள்ளையும் மஞ்சளுமான உறையோடும் வருவார்கள். முதலிடத்துக்கு 3 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1, கடைசிக்கு எதுவுமில்லை. ஆக ஒரு ஹீட்டுக்கு மொத்தம் 6 புள்ளி. ஒரே அணியின் இருவர் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தால் 5-1. ஒருவர் முதலாவதும் மற்றவர் மூன்றாவதுமாக வந்தால் 4-2. முதல் இடமும் கடைசி இடமும் ஒரே அணிக்கு என்றால் 3-3. பதினைந்து ஹீட்டிலும் எல்லோரும் ஓடி முடித்தால் மொத்தம் 90 புள்ளி. 46 எடுத்த அணி வென்றது.

இந்த எளிய கணக்குக்குள்தான் தந்திரமெல்லாம் இருக்கிறது. முன்னால் போகும் ரைடர் தன் வெற்றியை மட்டும் பார்த்தால் 3 புள்ளி கிடைக்கும். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, எதிரணிக்காரர் உள்ளே நுழைய முடியாதபடி வழியை அடைத்து, தன் கூட்டாளியையும் முன்னால் இழுத்து வந்தால் அணிக்கு 5. இதை ‘டீம் ரைடிங்’ என்பார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும் வேகத்தில், பிரேக் இல்லாத வண்டியில், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே கூட்டாளிக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும் ரைடரைப் பார்ப்பது, என்னைப் பொறுத்தவரை, இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த தருணம். அந்தப் பெருந்தன்மைக்கு விதியும் இடம் தருகிறது: தன் அணிக்காரருக்கு அடுத்த இடத்தில் வந்து புள்ளி எடுத்தவருக்கு ‘போனஸ்’ ஒன்று உண்டு. அது அணியின் கணக்கில் சேராது. அந்த ரைடரின் சம்பளத்திலும் சராசரியிலும் சேரும்.

சராசரி என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த லீக்கையே ஆட்டிவைப்பது அதுதான்.

ஒரு ரைடர் எடுத்த புள்ளிகளையும் போனஸையும் கூட்டி, ஓடிய ஹீட்டுகளால் வகுத்து, நான்கால் பெருக்கினால் வருவது அவருடைய சராசரி. ஐந்து ஹீட்டில் 9 புள்ளியும் 1 போனஸும் எடுத்தவருக்கு 8.00. ஒரு ஹீட்டிலும் எதிரணிக்காரரிடம் தோற்காதவருக்கு 12.00. ஒவ்வொரு குளிர்காலத்திலும் கிளப் நடத்துபவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் உட்கார்ந்து, வரும் பருவத்தில் ஓர் அணியின் ஏழு பேருடைய சராசரிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு வரை இருக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். அதற்குள்தான் அணி கட்ட வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வரம்பு 40 என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணி சரியாக 40-க்குள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறது. அதில் மூன்று இளைஞர்கள் நன்றாக வளர்ந்து 5-லிருந்து 7-க்கு ஏறுகிறார்கள். அணி பட்டம் வெல்கிறது. பருவ முடிவில் அந்த ஏழு பேரின் கூட்டுத்தொகை 46. வரம்பு உயராவிட்டால் இந்த ஏழு பேரும் அடுத்த ஆண்டு ஒன்றாக ஓட முடியாது. யாராவது போயாக வேண்டும். வென்ற அணியைக் கலைப்பது யாருடைய துரோகமும் இல்லை, விதியே அப்படித்தான். பணக்கார கிளப் நட்சத்திரங்களை எல்லாம் வாங்கிக் குவிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. அந்த நோக்கம் பெரும்பாலும் நிறைவேறுகிறது. 1997 முதல் 2019 வரையான இரண்டாம் பிரிவுப் பட்டங்களைப் பார்த்தால் ரெடிங், எக்ஸிடர், நியூகாசில், ஹல், கிங்ஸ் லின், ஸ்கன்தார்ப், சாமர்செட், எடின்பரோ, வொர்க்கிங்டன், லெஸ்டர் என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது. அதற்கான விலையும் உண்டு. ஓர் ஊர் தன் அணியின் முகங்களோடு பழகி முடிப்பதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. இந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். சிறிய ஊர்களால் லீக்கில் நிற்க முடிவதே இதனால்தான்.

சராசரி இன்னொரு வேலையும் செய்கிறது. அணியில் மிகக் குறைந்த சராசரி உள்ள இருவர் 6, 7 ஆகிய எண்களில் ‘ரிசர்வ்’ ஆக ஓட வேண்டும். இரண்டாவது ஹீட் இரு அணிகளின் ரிசர்வ்களுக்குரியது. சரியாக ஓடாத சக ரைடருக்குப் பதிலாகவும் ரிசர்வை இறக்கலாம். ஒரு போட்டியில் அவர் ஏழு முறை வரை ஓடலாம். பருவத்தின் நடுவில் சராசரிகள் புதுப்பிக்கப்படும்போது, காயத்தாலோ மனச்சோர்வாலோ சில வாரம் தடுமாறிய நல்ல ரைடர் ஒருவர் ரிசர்வ் இடத்துக்கு இறங்கிவிடுவார். அங்கே எதிராளிகள் எளியவர்கள், கிடைக்கும் ஹீட்டுகளும் அதிகம். அவர் தன்னம்பிக்கையை மீட்டுக்கொண்டு புள்ளிகளை அள்ளுவார். இரண்டாம் பிரிவுப் போட்டிக்கு முதன்முறை போகிறவர்கள் முதல் எண் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல நாள் போட்டியைத் தூக்கி நிறுத்துவது ஏழாம் எண்தான்.

பருவத்தின் உருவத்துக்கு வருவோம். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. 2018-இல் பதினோரு அணிகள்: பெரிக், எடின்பரோ, கிளாஸ்கோ, இப்ஸ்விச், லேக்சைட், நியூகாசில், பீட்டர்பரோ, ரெட்கார், ஸ்கன்தார்ப், ஷெஃபீல்ட், வொர்க்கிங்டன். ஒவ்வோர் ஊருக்கும் தனக்கென்று ஒரு கிழமை உண்டு. இப்ஸ்விச்சுக்கு வியாழன், எடின்பரோவுக்கு வெள்ளி, பெரிக்குக்கும் வொர்க்கிங்டனுக்கும் சனி. வேலை முடிந்து மாலையில் குடும்பத்தோடு போய், இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்புகிற பழக்கம் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் ஊன்றியது. மழை பெய்து ஷேல் சேறானால் போட்டி ரத்து. ரத்தான போட்டிகளெல்லாம் ஆகஸ்ட், செப்டம்பரில் வந்து குவியும்.

சொந்தத் தடத்தின் பலம் இந்த விளையாட்டில் மிக அதிகம். எடின்பரோ அணி ஓடும் ஆர்மடேல் தடம் 260 மீட்டர்தான்; குறுகலான வளைவுகள், தொடக்கத்தில் பிந்தினால் மீள்வது கடினம். ஷெஃபீல்டின் ஔலர்டன் தடம் அதைவிட நூறு மீட்டர் நீளம். அங்கே முழு வேகத்தில் வெளிப்பக்கம் சுற்றி வரத் துணிச்சல் வேண்டும். ஒன்றுக்குச் சரியாக வைத்த கியர் விகிதம் மற்றொன்றுக்கு உதவாது. அதனால்தான் வெளியூரில் எடுக்கும் புள்ளிக்கு லீக் பட்டியலில் கூடுதல் மதிப்பு இருந்தது. சொந்த ஊரில் வென்றால் 3. வெளியூரில் ஏழோ அதற்கு மேலோ புள்ளி வித்தியாசத்தில் வென்றால் 4. வெளியூரில் தோற்றாலும் ஆறு புள்ளிக்குள் தோற்றால் 1. 2018-இல் இருந்த இந்தக் கணக்கு கடைசி ஹீட் வரை உயிரோட்டம் தந்தது. பதினான்கு ஹீட் முடிவில் 46-38. சொந்த அணி வென்றாயிற்று. ஆனால் பதினைந்தாம் ஹீட்டில் விருந்தாளிகள் 4-2 எடுத்தால் 48-42, வித்தியாசம் ஆறு, ஒரு லீக் புள்ளியோடு ஊர் திரும்பலாம். அந்தக் கடைசி ஹீட்டுக்கு இரு அணிகளும் தாங்கள் விரும்பிய இருவரை நிறுத்தலாம் என்பதால், அன்றைய சிறந்த நால்வர் அங்கே மோதுவார்கள். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் பட்டியலின் மேல்வரிசை அணிகள் பிளே-ஆஃப் ஆடும். இறுதிப் போட்டி இரு ஊர்களிலும் ஒவ்வொரு முறை நடக்கும். இரண்டின் கூட்டுப் புள்ளியே பட்டத்தைத் தீர்மானிக்கும்.

இதற்கு நடுவில் காயங்கள். 2018-இல் வொர்க்கிங்டனுக்கு விழுந்த பெரிய அடி டான் பியூலி. அதே கடலோரத்தைச் சேர்ந்த இளைஞர், ஊரின் செல்லப்பிள்ளை. கோடையில் முதல் பிரிவு அணிக்காக ஓடியபோது விழுந்து பல எலும்புகள் முறிந்தன. அந்தப் பருவம் அவருக்கு அத்துடன் முடிந்தது. ஒருவர் இப்படி விழுந்தால் அணிக்கு இரண்டு வழி. அவருடைய ஹீட்டுகளைச் சக ரைடர்கள் பகிர்ந்து ஓடலாம். முன்னணி ரைடர் என்றால், அவர் சராசரிக்கு மிகாத ஒருவரை வேறு கிளப்பிலிருந்து ஒரு நாளுக்கு ‘கெஸ்ட்’ ஆக அழைத்து வரலாம். நேற்று எதிராளியாக வந்தவர் இன்று நம் அணியின் சட்டையில் நிற்பார். இது எனக்கு ஒப்புதலில்லாத ஏற்பாடு. ரசிகரின் பற்றுதலை இது மெல்ல அரிக்கிறது. ஆனால் ஏழு பேர் கொண்ட சிறிய அணியும், எலும்பு முறிவு வழக்கமாகிவிட்ட ஒரு தொழிலும் சேரும்போது, இதைவிட நல்ல மாற்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ரைடர்கள் கிளப்பின் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். வண்டி அவர்களுடையது, வேன் அவர்களுடையது, எஞ்சின் பழுதுபார்க்கும் செலவும் அவர்களுடையது. கிளப் தருவது எடுத்த புள்ளிக்குத்தான். புள்ளி எடுக்காமல் திரும்பிய இரவில் பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. அதனால் ஓர் அணி போதாது. முதல் பிரிவில் ஓர் அணி, இரண்டாம் பிரிவில் ஓர் அணி என்று இரண்டிலும் ஓடுகிறவர்கள் ஏராளம். திங்கட்கிழமை முதல் பிரிவு, செவ்வாய்க்கிழமை ஸ்வீடன், வெள்ளி ஆர்மடேல், சனி பெரிக், ஞாயிறு போலந்து என்று வாரம் கழியும். பணம் போலந்தில் இருக்கிறது. பிரிட்டனில் கிடைப்பது இடைவிடாத ஓட்டமும் விதவிதமான தடங்களும். வளரும் ரைடருக்கு அதுவே பெரிய பள்ளி. டென்மார்க், ஆஸ்திரேலிய இளைஞர்கள் கடல் கடந்து இந்தச் சிறிய ஊர்களுக்கு வருவது இதற்காகத்தான்.

இந்தப் பள்ளியிலிருந்து வெளியேறியவர்களின் பெயர்களே போதும். 2012-இல் உலக சாம்பியனான கிறிஸ் ஹோல்டரும் 2017-இல் சாம்பியனான ஜேசன் டாயிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வைட் தீவு அணிக்காக இரண்டாம் பிரிவில் ஓடியவர்கள். 2013, 2015, 2018 என மூன்று முறை உலகப் பட்டம் வென்ற டாய் வொஃபின்டன், 2007-இல் ரை ஹவுஸ் அணியோடு இரண்டாம் பிரிவு லீக் பட்டம் வென்றவர். வொர்க்கிங்டனின் கார்ல் ஸ்டோன்ஹியூவர், இரண்டாம் பிரிவிலேயே ஓடிக்கொண்டு 2000-களின் தொடக்கத்தில் உலகின் உச்சகட்டமான கிராண்ட் பிரியில் போட்டியிட்டார். எலும்புகள் கூடித் திரும்பிய டான் பியூலி, 2021-இல் ராபர்ட் லாம்பர்ட்டோடு சேர்ந்து பிரிட்டனுக்கு உலக அணிப் பட்டம் வாங்கித் தந்தார். 2022-லும் 2023-லும் கார்டிஃப் கிராண்ட் பிரியை வென்றார். வொர்க்கிங்டன் அணிக்காக அவர் ஓடிய தடத்தில் அப்போது ஸ்பீட்வே இல்லை.

இனி நிலம். கால்பந்தில் இருப்பதுபோல் இங்கே தானாக நிகழும் பதவி உயர்வோ இறக்கமோ கிடையாது. எந்தப் பிரிவில் ஓடுவது என்பதைக் கிளப் தன் பணத்தையும் கூட்டத்தையும் பார்த்து முடிவுசெய்யும். 2018 முடிந்ததும் இப்ஸ்விச்சும் பீட்டர்பரோவும் மேலே போனது பட்டம் வென்றதால் அல்ல. லெஸ்டரும் சாமர்செட்டும் கீழே வந்தன. வந்த ஆண்டே லெஸ்டர் பட்டம் வென்றது. 2020-இல் பூல் பைரேட்ஸ் என்ற பெரிய கிளப் கீழே இறங்கியது. கோவிட்டால் அந்தப் பருவம் நடக்கவில்லை. 2021-லும் 2022-லும் பட்டம் பூலுக்குத்தான்.

கிளப் எந்தப் பிரிவுக்குப் போனாலும் தடம் வேண்டும். பெரும்பாலான கிளப்புகளுக்கு அது சொந்தமில்லை. வொர்க்கிங்டன் ஓடிய டெர்வென்ட் பார்க், ஊரின் ரக்பி லீக் அணியின் மைதானம். பல ஊர்களில் நாய்ப் பந்தய மைதானத்தின் உள்வட்டத்தில் ஷேல் கொட்டியிருப்பார்கள். லேக்சைட் ஓடியது எசெக்ஸில், லண்டனின் கிழக்கு விளிம்பில். 1984 முதல் ஸ்பீட்வே நடந்த அந்த நிலம் வீடு கட்டுவதற்குப் போயிற்று. 2018 பருவத்தின் நடுவிலேயே அணி தன் தடத்தை இழந்து, எஞ்சிய சொந்த ஊர்ப் போட்டிகளை ரை ஹவுஸில் நடத்தியது. சொந்த ஊர் இல்லாமலேயே இறுதிப் போட்டி வரை வந்த அந்த அணியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். நகரம் வளர வளர, வாரத்தில் ஒரு மாலை மட்டும் சத்தம் எழுப்பும் ஒரு வட்டத்தைவிட அதே இடத்தில் எழும் வீடுகளுக்கு விலை அதிகம். 2022-இல் நியூகாசில், பருவத்தின் நடுவிலேயே லீக்கிலிருந்து விலகியது. அது பலமுறை இந்தப் பிரிவின் பட்டத்தை வென்ற அணி.

அதே 2022-இல் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. ஆக்ஸ்போர்டில் 2007-உடன் ஸ்பீட்வே நின்றுபோய், பின்னர் மைதானமும் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து, புதர் வெட்டி, ஷேல் பரப்பி, ஆக்ஸ்போர்ட் சீட்டாஸ் அணியை நேராக இரண்டாம் பிரிவிலேயே இறக்கினார்கள். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் கூட்டம் வந்தது.

பெயர்கள் மட்டும் புதியவரைக் குழப்பும். 1968-இல் பிரிட்டிஷ் லீக் இரண்டாம் டிவிஷனாகத் தொடங்கியது, பிறகு நேஷனல் லீக் ஆயிற்று. 1997 முதல் 2016 வரை அதன் பெயர் பிரீமியர் லீக். பெயர் எப்படியிருந்தாலும் அது இரண்டாம் பிரிவுதான். 2017 முதல் மேலே இருப்பது பிரீமியர்ஷிப், கீழே இருப்பது சாம்பியன்ஷிப். பழைய முடிவுகளைப் படிக்கும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டியை நேரில் பார்க்க வாய்த்தால் வாசலில் விற்கும் நிகழ்ச்சிக் கையேட்டை வாங்குங்கள்; அதில் பதினைந்து ஹீட்டுக்கும் வெற்றுக் கட்டங்கள் இருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் பேனாவோடு அதை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது ஹீட்டில் ஆறாம், ஏழாம் எண்காரர்கள் எடுப்பதை முதலில் எழுதுங்கள். அன்றைய போட்டி எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.